கொடை வரியும் குறவஞ்சி மேடும்

(தென்காசியில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளூர்க் கலைகளை ஊர் ஏன் தாங்க வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. தென்காசியில் நின்று இதைப் பேசுவது எனக்கு எளிது. சான்று தேடி அலைய வேண்டாம். காசி விசுவநாதர் கோயிலுக்கு நடந்து போனால் கல்லிலேயே இருக்கிறது. பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயில் வேலையை 1446இல் தொடங்கினான். கோயில் கட்டிய அரசர்கள் தங்கள் வெற்றிகளையும் கொடைகளையும் கல்லில் வெட்டுவது வழக்கம். இவன் அதோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குப் பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் எவராக இருந்தாலும் அவர் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று பாட்டாக எழுதி வெட்டி வைத்திருக்கிறான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத யாரோ ஒருவர் காலில் விழுகிறான். கட்டுவதை ஒருவர் தன் காலத்தில் செய்துவிடலாம், காப்பது மட்டும் பின்னால் வருகிறவர் கையில்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவன் பயந்தபடியே நடந்தது. கோபுரம் தீயில் சிதைந்து, பல தலைமுறைக்கு மொட்டையாக நின்றது. அந்த நிலையில் அதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே சிலர் இருப்பீர்கள். பா. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியால் 1990இல் ஒன்பது நிலைக் கோபுரம், ஏறத்தாழ 180 அடி உயரத்துக்கு, மறுபடி எழுந்தது. இன்று தென்காசி என்றதும் வெளியூர்க்காரர் மனத்தில் முதலில் வருவது அந்தக் கோபுரம்தான். பாண்டியன் யார் காலில் விழுந்தானோ, அந்தப் பின்னால் வருகிறவர்கள் நாம்தான். கோபுரத்துக்கு மட்டுமில்லை, இந்த மண்ணின் பாட்டுக்கும் கூத்துக்கும் அதே பொறுப்பு நமக்கு உண்டு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயர் அந்த ஊர்க்காரர். குற்றாலக் குறவஞ்சியை அவர் பாடினார். 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்தது. ஒரு பாட்டுப் புத்தகத்தின் பெயரில் ஒரு வயல்! நாயக்கர் ஆட்சி அடுத்த சில ஆண்டுகளிலேயே முடிந்துபோயிற்று. பாட்டு முடியவில்லை.

இங்கே கணக்குப் பார்க்கிற வியாபாரிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களையே கேட்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக அருவிகள் உண்டு. நம் குற்றாலப் பேரருவியைவிட உயரமானவை பல உண்டு. அவற்றில் எந்த அருவியைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நேரில் பார்ப்பதற்கு முன்பே பாடப் புத்தகத்தில் பார்த்துவிடுகிறார்கள்? குற்றாலத்தைத்தான். அங்கே குரங்கு உண்டு, தேன் உண்டு, வசந்தவல்லி பந்தடித்தாள், சிங்கி குறி சொன்னாள் என்று அருவியில் ஒருமுறையும் குளிக்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் தெரியும். சீசனுக்குக் கடை போடுகிறவரும், லாட்ஜ் நடத்துகிறவரும், ஆட்டோ ஓட்டுகிறவரும், அல்வா விற்கிறவரும் கவிராயருக்குக் கடன்பட்டவர்கள். ஒரு துண்டு நிலம் கொடுத்ததற்கு முந்நூறு ஆண்டாகப் பலன் வந்துகொண்டிருக்கிறது. அதுவும் நிலம் கொடுத்த மதுரைக்கு இல்லை, நமக்கு.

1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகம் அமைக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது இந்தக் குறவஞ்சியைத்தான். சென்னை மேடையில் அது புகழ் பெற்றது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் குற்றாலத்திலேயே, குறும்பலா மரத்தின் நிழலில், ஊர்ப் பிள்ளைகள் ஆட, ஊர் உட்கார்ந்து முழுக் குறவஞ்சியும் பார்த்த இரவுகள் எத்தனை? இந்தக் கேள்வியை இப்படியே விட்டுவிட்டு மேலே போகிறேன். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

அரசர் கொடுத்த கொடை இந்தப் பக்கத்தில் இன்னும் உண்டு. சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரை ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் தன் அவையில் வைத்து ஆதரித்தார். ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச்சிந்து, காவடி எடுக்கும் ஊருக்கெல்லாம் கால் அடி எடுத்துக்கொடுத்தது. 1891இல் இளம் வயதிலேயே போய்விட்டார். அவ்வளவு குறுகிய வாழ்வில் அவரால் அவ்வளவு பாட முடிந்ததற்கு, அடுத்த வேளைச் சோற்றுக்கு அலையாமல் இருந்ததும் ஒரு காரணம்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், கலை என்பது அரசரும் ஜமீனும் போட்ட பிச்சையில் வளர்ந்தது என்ற எண்ணம் வந்துவிடும். அந்த எண்ணம் தவறு. நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது கொடை வரியைப் பற்றி.

நம் கிராமங்களில் கோயில் கொடை விழா எப்படி நடக்கிறது? சுடலைமாடன் கோயிலோ, முப்பிடாதி அம்மன் கோயிலோ, ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வசதி உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே வரி. ஆக முடியாத வீடு என்றால் கொஞ்சம் பொறுத்து வாங்குவார்கள், விட்டுவிடுவதும் உண்டு. பம்பாயில் கடை வைத்திருப்பவர், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர், கேரளத்தில் கட்டட வேலைக்குப் போனவர் எல்லோருக்கும் தகவல் போகும். வரியை அனுப்பிவைப்பார்கள், கொடைக்கு வந்தும் சேர்வார்கள். பந்தலுக்குக் கால் நாட்டு முடிந்ததும் ஊருக்குள் பேச்சு மாறும். யார் வில்லு, யார் மேளம், கணியான் வருகிறாரா என்பதுதான் பேச்சு. நோட்டீஸ் அடிப்பார்கள். வில்லிசைப் புலவரின் பெயர் அதில் வரும்.

உலகத்தில் பல நாடுகளில் கலைக்கென்று மன்றம் அமைத்து, அரசாங்கம் பணம் ஒதுக்கி, குழு போட்டுக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல காரியம். நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவனும் கிழவியும் பல தலைமுறைக்கு முன்பே அதைச் செய்துவிட்டார்கள். தாங்களே வரி போட்டு, தாங்களே கலைஞரைத் தேர்ந்தெடுத்து, தாங்களே விடிய விடிய உட்கார்ந்து கேட்டு, பாட்டு சரியில்லை என்றால் அடுத்த வருஷம் வேறு ஆளை அழைத்தார்கள். கலைக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அந்த வரிப் பணம் ஊருக்கு என்ன கொடுத்தது என்று பார்ப்போம். வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பெரிய வில், அதில் கட்டிய மணிகள், புலவர் கையில் வீசுகோல். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், கட்டை. வலம் பாடுகிறவர் ஒரு பக்கம், இடம் பாடுகிறவர் ஒரு பக்கம். குடியழைப்பில் தொடங்கி, மதியக் கொடை, சாமக் கொடை என்று கதை நீளும். அந்தக் கதைகள் யாருடையவை? முத்துப்பட்டன் கதையைக் கேளுங்கள். பிராமணனாகப் பிறந்தவன், பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு அருந்ததியப் பெண்களை மணக்கிறான். பூணூலை அறுத்துப் போட்டுவிட்டு, மாமனாரோடு மாடு காக்கப் போகிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பொதிகை மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் அவர்களுக்குப் பூசை நடக்கிறது. இந்தக் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த பிறகு படித்தவர்கள் வியந்து ஆராய்ந்தார்கள். அதற்கு வெகு காலம் முன்னால் இருந்தே அதை வைத்திருந்தவர்கள் வில்லுக்காரர்களும், வரி கொடுத்து அவர்களை அழைத்த ஊர்க்காரர்களும்தான். சாதி கடந்து ஒரு திருமணம் நடந்ததையும், அதற்கு மூன்று பேர் கொடுத்த விலையையும் எந்தச் செப்பேட்டிலும் எந்த அரசனும் எழுதி வைக்கவில்லை. ஏழைகளின் சரித்திரம் பாட்டில்தான் இருக்கிறது. பாடுகிறவரை இழந்தால் அந்தச் சரித்திரமும் போயிற்று.

கணியான் கூத்து இன்னும் அரியது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரிப் பக்கம் தவிர வேறெங்கும் அதைப் பார்க்க முடியாது. அண்ணாவி பாட, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, மகுடம் என்னும் பறை இரண்டு அதிர, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். ஒரு மகுடம் உச்சத்தில் பேசும், ஒன்று மந்தமாகப் பேசும். அந்த இரண்டு தோலும் சேர்ந்து எழுப்பும் ஓசையில் சாமியாடி எழுகிறார். வேறு எந்த மேளத்துக்கும் எங்கள் சுடலை எழ மாட்டார் என்று சொல்லும் ஊர்களை எனக்குத் தெரியும். கணியான் என்ற அந்தச் சிறிய சமூகத்தில் ஒரு பையன் மகுடம் கற்காமல் வேறு வேலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், உலகத்தில் எங்கிருந்தும் திரும்ப வாங்க முடியாத ஒன்று நம் கையை விட்டுப் போகிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கொடை மாதங்கள் போக மிச்ச மாதங்களுக்கு அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சரியாகக் கொடைக் காலம் தொடங்கும் நேரம். பங்குனி, சித்திரை, வைகாசி என்று வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி வரும் மாதங்களில் ஒரு கோயிலிலும் கால் நாட்டவில்லை. அப்போது மகுடத்தைச் சுவரில் மாட்டிவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போனவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை.

இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். செங்கோட்டையில் ஆவுடையக்காள் என்று ஒருவர் வாழ்ந்தார். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே கணவனை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வாய் திறக்கவே உரிமை இல்லை. அவர் வேதாந்தத்தைப் பேச்சுத் தமிழில் பாடினார். சாதி, ஆசாரம், தீட்டு எல்லாவற்றையும் கேள்வி கேட்டுப் பாடினார். குற்றால மலையேறிப் போனவர் திரும்பவே இல்லை என்று சொல்வார்கள். அவருக்கு நிலம் கொடுத்த அரசன் இல்லை. மேடை கொடுத்த கோயில் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டுகள் பிழைத்தன. எப்படி? இந்தப் பக்கத்துப் பெண்கள், பாட்டியிடம் பேத்தி கேட்டு, மாமியாரிடம் மருமகள் கேட்டு, வேலை செய்துகொண்டே பாடினார்கள். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி வேறு ஊர் போனபோது பாட்டையும் கொண்டுபோனார்கள். பின்னால் சிலர் தேடிப் போய்த் திரட்டி அச்சிட்டதால் இன்று நாம் புத்தகமாகப் படிக்கிறோம். கையில் காசே இல்லாத பெண்களும் ஒரு கலையை ஆதரிக்க முடியும் என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம். அவர்கள் பாடினார்கள், அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதே செங்கோட்டையில் 1906இல் பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. சிறுவனாக நாடகக் கம்பெனிக்குப் போய், மைக் இல்லாத காலத்தில் கொட்டகை முழுக்க நிறைக்கும் குரலால் தமிழகத்தையும் இலங்கையையும் கட்டிப் போட்டவர். 27 வயதில், 1933இல், போய்விட்டார். அவரை வளர்த்தது டிக்கெட் வாங்கிய கூட்டம். தரையில் உட்கார ஓரணா, இரண்டணா கொடுத்த சாதாரண மக்கள். அதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை இந்த மேடையில் சொல்லாமல் விட முடியாது. அவர் பாட்டு எழுதிப் பெயர் பெற்றவர் இல்லை, கச்சேரி செய்தவர் இல்லை. நன்றாகக் கேட்டார், நன்றாக அனுபவித்தார், தான் அனுபவித்ததை அடுத்தவருக்கு ஊட்டினார். நெல்லையில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டமும், பின்னால் குற்றாலத்தில் அவர் வீட்டுத் திண்ணையும் தமிழ்நாட்டின் எழுத்தாளர்களுக்கு ஒரு பள்ளிக்கூடமாக இருந்தன. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், பெயர் தெரியாத இளைஞர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் சாப்பாடு உண்டு, கம்பன் உண்டு. 1954இல் அவர் மறைந்தார். ஒரு நல்ல ரசிகர் ஓர் ஊரில் உட்கார்ந்திருந்தால் அந்த ஊரைத் தேடி எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் குற்றாலம் கண்ணால் பார்த்திருக்கிறது. பாடுகிறவரைப் போலவே கேட்கிறவரும் கலையைச் சுமக்கிறார். கேட்கிறவர் குறைந்தால் பாடுகிறவருக்கு உயரம் போய்விடும். இன்று நமக்கு இருக்கும் பெரிய பஞ்சம் கேட்பவர் பஞ்சம்தான்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். சமீப வருஷங்களில் நம் கொடைகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வில்லுக்கு ஒதுக்கிய நேரம் சுருங்கிவிட்டது. விடிய விடியப் பாடிய புலவரைச் சாமி வரும் நேரத்துக்கு மட்டும் பாடச் சொல்கிறோம். பணத்தின் பெரும்பகுதி லைட் செட்டுக்கும், ஆடல் பாடலுக்கும், டிஜே ஒலிபெருக்கிக்கும் போகிறது. நையாண்டி மேளம் இருந்த இடத்தில் செண்டை மேளம் வந்திருக்கிறது. செண்டை மேளம் அருமையான கலை. நூறு பேர் ஒன்றாக நின்று அடிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அது ஏன் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது, நம் நையாண்டி மேளம் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை என்று யோசிக்க வேண்டாமா?

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். கதகளி அழிந்துவிடும் நிலைக்கு வந்தபோது மகாகவி வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்த ராஜாவும் சேர்ந்து 1930இல் கேரள கலாமண்டலத்தை நிறுவினார்கள். பணம் இல்லை. கவிஞர் என்ன செய்தார் தெரியுமா? லாட்டரி சீட்டு நடத்தினார். மலையாளத்தின் பெரிய கவி, ஊர் ஊராகப் போய், கதகளிப் பள்ளிக்காக மக்களிடம் சீட்டு விற்றுப் பணம் சேர்த்தார். அந்த ஊர் மக்கள் வாங்கினார்கள். இன்று பாரதப்புழைக் கரையில் செறுதுருத்தியில் அந்த நிறுவனம் பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்து நிற்கிறது. கோயில் பூரங்களில் மேளக்காரரின் பெயரைச் சொல்லிக் கூட்டம் கூடுகிறது. எந்த ஆசான் வாசிக்கிறார், எந்தக் காலத்தில் கூட்டினார், எங்கே இறக்கினார் என்று டீக்கடையில் வாதாடுகிறார்கள். தங்கள் கலையை அவர்கள் மதித்தார்கள். மதித்ததால் அது செழித்தது. செழித்ததால் மலை தாண்டி நம் வாசலுக்கும் வந்தது. நம் ஊரில் உறுமிக்காரர் பெயர் நமக்குத் தெரியுமா? கரகாட்டக்காரரின் பெயரையாவது நோட்டீஸில் முழுசாகப் போடுகிறோமா?

இனி குற்றாலத்தைப் பற்றி. சீசனில் அங்கே வரும் கூட்டத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று காலையில் சுற்றிவிட்டு, சாயங்காலம் அந்தக் குடும்பங்கள் என்ன செய்கின்றன? பஜாரில் நடக்கிறார்கள், சிப்ஸ் வாங்குகிறார்கள், அறைக்குப் போய் டிவி பார்க்கிறார்கள். மலையில் மழை வலுத்து வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை என்று அறிவித்துவிடுவார்கள். தடை போட்டே ஆக வேண்டும், உயிர் முக்கியம். அந்த நாளில் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்கள் அறையில் முடங்கிக் கிடக்கிறார்கள், அல்லது ஒருநாள் முன்னாடியே ஊருக்குக் கிளம்புகிறார்கள். அன்று சாயங்காலம் அங்குள்ள கலைவாணர் அரங்கில் வில்லுப்பாட்டும், அடுத்த நாள் கணியான் கூத்தும், அதற்கடுத்த நாள் காவடியும் கரகமும் இருந்தால், அவர்கள் இன்னொரு ராத்திரி தங்குவார்கள். லாட்ஜுக்கு வருமானம், ஓட்டலுக்கு வருமானம். கலைஞருக்கு ஆனி, ஆடி, ஆவணியில் மூன்று மாதச் சோறு. மைக் செட்டுக்காரர், வேன்காரர், பூக்காரர், தோல் கட்டுகிறவர், ஒப்பனைக்காரர் என்று அந்தப் பணம் நம் மாவட்டத்துக்குள்ளேயே சுற்றும்.

அரசு நடத்தும் சாரல் விழாவில் கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன, நன்றி சொல்ல வேண்டும். ஆனால் விழா சில நாளில் முடிந்துவிடுகிறது, சாரல் முடிவதில்லை. மிச்ச நாட்களை ஊர் எடுத்துக்கொள்ள வேண்டும். வணிகர் சங்கம், லாட்ஜ் உரிமையாளர்கள், பேரூராட்சி, கோயில் நிர்வாகம் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் வாரம் இரண்டு மாலைகள் நடத்துவது பெரிய காரியம் இல்லை. நான் விட்டுவிட்டு வந்த கேள்விக்கு இங்கே வருகிறேன். வருஷத்துக்கு ஒரு முறையாவது குற்றாலக் குறவஞ்சி முழுதாகக் குற்றாலத்தில் ஆடப்பட வேண்டும். தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டைப் பள்ளிப் பிள்ளைகள் ஆடட்டும். பாட்டை உள்ளூர் ஓதுவாரும் நாகசுரக்காரரும் அமைக்கட்டும். குற்றாலநாதர் வீற்றிருக்கும் ஊர் சித்திர சபை உள்ள ஊர். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலம் ஓவியம். சபை முழுக்கச் சித்திரமாக இருக்கும் அந்த ஊரில் குறவஞ்சி ஆடாமல் வேறெங்கே ஆடுவது? அந்தச் சுவர் ஓவியங்களின் மேல் கை வைக்காமல், பெயர் கிறுக்காமல், அகல் புகை படாமல் பார்த்துக்கொள்வதும் கலை ஆதரவுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அரசாங்கம் செய்வதைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைந்தது. பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. இரண்டும் நல்லவை. வாரியத்தில் பதிவு செய்யாத கலைஞர்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். படிவம் நிரப்ப, சான்றிதழ் இணைக்க அவர்களுக்கு ஆள் வேண்டும். பின்னால் நிற்கும் கல்லூரித் தம்பி தங்கைகளே, இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அண்ணாவி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுங்கள். கையில் இருக்கும் செல்போனில் அவர் பாடும் கதையை முழுதாகப் பதிவு செய்து, அவருக்கு ஒரு பிரதி, கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை பல ஆண்டுகளாக இப்படித்தான் சேகரித்து வருகிறது. 2019 நவம்பரில் நமக்கென்று தனி மாவட்டம் வந்துவிட்டது. நம் பாட்டுகளுக்கென்று தனி இடம் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒன்று. சொல்லாமல் விட்டால் நான் பேசியது முழுதும் பொய்யாகிவிடும். ராத்திரி முழுக்கச் சாமியை எழுப்பிய கலைஞரை, விடிந்ததும் நாம் எங்கே உட்கார வைக்கிறோம்? எங்கே இலை போடுகிறோம்? வயதில் மூத்த அண்ணாவியை நம் வீட்டுச் சின்னப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கணியான் வீட்டுப் பையனும் கரகமாடும் பெண்ணும் கலையை விட்டு ஓடுவதற்குப் பணம் பாதிக் காரணம், இது மீதிக் காரணம். மரியாதை இல்லாத இடத்தில் யார் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள்? மரியாதை கொடுக்க வரி பிரிக்கத் தேவையில்லை.

இந்த வருஷம் உங்கள் ஊர்க் கொடைக்குக் கமிட்டி கூடும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். டிஜேக்கும் லைட்டுக்கும் எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னால், வில்லுக்கும் மகுடத்துக்கும் மேளத்துக்கும் நியாயமான தொகையை முதலில் எழுதுங்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். நோட்டீஸில் அவர்கள் பெயரை ஊர்ப் பெயரோடு போடுங்கள். ராத்திரி உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பந்தலில் முன்னால் உட்காருங்கள். பாதியில் எழுந்து போகாதீர்கள். விடிந்ததும் பேசிய பணத்தை முழுதாக, தள்ளிப் போடாமல், கையில் கொடுத்து, எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லி அனுப்புங்கள்.